வீட்டுக்கு விலை இல்லை

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் நமக்குத் தும்மல். அங்கே பிறந்து வளர்ந்த என் மனைவி ஆசைப்பட்டதெல்லாம், சுற்றி நடந்துவர ஒரு வீடு. கழக்கூட்டத்துக்கு உள்ளே தள்ளி, அன்றைக்கு யாரும் சீந்தாத சரிவில் அதைக் கட்டினோம். சாயங்காலமானால் பிரகாரம் சுற்றுவதுபோல் ஒரு சுற்று வருவாள்.

பிறகு கம்பெனிகள் வந்தன. தென்னை நின்ற இடமெல்லாம் ஹாஸ்டல். மகள் பெங்களூரோடு போனாள், மனைவியின் முழங்கால் மாடிப்படியோடு சண்டைக்கு நின்றது. விற்றுவிடலாம் என்றோம். அவள் வைத்தது ஒரே நிபந்தனை: வாங்குகிறவர்கள் அதில் குடியிருக்க வேண்டும்.

புரோக்கர் தலையைச் சொறிந்தார். "ஸ்வாமீ, ஸ்தலத்துக்குத்தான், மண்ணுக்குத்தான் இப்ப வெலை, செண்டு கணக்கு. வீட்டுக்கு வெலை இல்ல."

"வீடு என்ன பழைய பேப்பரா?" என்றாள் மனைவி.

"பழைய பேப்பருக்கு வெலை உண்டல்லோ மாமி."

அவர் பொய் சொல்லவில்லை. முன்பு அந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் மாமியாரைக் கூட்டி வந்து, கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். அப்புறம் வந்தவர்கள் கார் திரும்புமா என்று கேட்டார்கள். கடைசியில் வந்தவர்கள் காரைவிட்டே இறங்கவில்லை.

ஆடி மாதத்தில், கொட்டுகிற மழையில், பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்கள். அவருக்குக் கம்பெனி வேலை, அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு அறை அறையாகப் போனாள். கிழக்கு அறையில் நின்று விட்டத்தைப் பார்த்து, "இந்த முறியில தொட்டில் கெட்டலாம்" என்றாள். என் மனைவி அவளுக்கு இரண்டாவது காபி கலந்தாள்.

அவள் கணவர் அப்போதே டோக்கன் அட்வான்ஸ் தருகிறேன் என்றார்.

"ஆடியில கைநீட்டி வாங்கறதா? ஆவணி பொறக்கட்டும்" என்றாள் மனைவி. புரோக்கரும் மலையாளத்து ஆடியைச் சொல்லி, "கர்க்கடகம் கழியட்டே" என்றார். இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போனால் நான் யார் குறுக்கே விழ? தலையாட்டினேன்.

"எங்களுக்கு ஆடியும் இல்ல ஆவணியும் இல்ல மாமி. இவளுக்கு நாள் நெருங்குது, அதான்" என்றார் அவர். வற்புறுத்தவில்லை. நல்ல மனிதர்கள் வற்புறுத்துவதில்லை. அதுதான் அவர்களோடு உள்ள தொல்லை.

ஆவணி பிறந்த காலையில் போன் செய்தேன். பைபாஸுக்கு அந்தப் பக்கம் புது வில்லா எடுத்துவிட்டார்களாம். "அவளுக்கு உங்க வீடுதான் பிடிச்சிருந்து சாரே," என்றார், ஏதோ அவர் தப்புச் செய்ததுபோல. மனைவியிடம் சொன்னேன். அடுப்பைத் தணித்தாள்.

அதன்பின் குடியிருக்க யாரும் வரவில்லை. இன்னொரு மழைக்காலம் போயிற்று, முழங்கால் இன்னும் வீங்கிற்று. கடைசியில் ஒரு பில்டர் வந்தார். மரியாதைக்காரர். கேட்டருகே நின்று வழியின் அகலத்தை டேப் பிடித்துப் பார்த்தார். மூன்று வில்லா நிற்கும் என்றார். "உள்ள வந்து சமையலறைய ஒரு தரம் பாருங்கோ" என்று மனைவி இரண்டு முறை கூப்பிட்டாள்.

"வேண்டா மாமி. எந்தாயாலும் பொளிக்கும்."

இடிக்கப்போகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. என் பக்கம் திரும்பி, "ஏன்னா, சரின்னு சொல்லிடுங்கோ" என்றாள்.

பத்திரம் முடிந்து ஒப்படைக்கிற அன்று சாவிக்கொத்தைத் துடைத்து எடுத்து வந்தாள். புரோக்கர் சிரித்தார். "சாவி எதுக்கு? திங்களாழ்ச்ச ஜேசிபி வரும்."

"வாங்கிக்கச் சொல்லுங்கோ" என்றாள் என்னிடம். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பில்டர் என்ன நினைத்தாரோ, இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முன்கதவு திறந்தேதான் கிடந்தது. அவள் வாசற்படிவரை போனாள். உள்ளே கால் வைக்கலாமா என்று அவரிடம் கேட்டாள்.