பஞ்சு பிடித்த கை

சிங்கப்பூரில் பஞ்சு கனக்கிறது. காலையில் வேலைக்கு ஏறியதும் வாளித் தண்ணீரில் அதை முக்கி, இரண்டு கையாலும் பிழிந்து, மறுபடி முக்கிப் பிழியும்போது தினமும் எனக்கு இது ஒரு விநோதமாகவே படுகிறது. எங்கள் ராஜபாளையத்தில் பஞ்சு என்றால் மூச்சு விட்டால் பறக்கும். புருவத்தில் வந்து உட்காரும், டீக்கிளாஸில் மிதக்கும். இங்கே பஞ்சு என்பது கைப்பிடி வைத்த ஒரு பலகையின் அடியில் ஒட்டிய தடித்த மஞ்சள் ஸ்பாஞ்ச். கூட வேலை செய்யும் தமிழ் ஆட்கள் எல்லாரும் அதைப் பஞ்சு என்றுதான் சொல்கிறார்கள். சுவரில் கடைசியாக, தோசை மெல்லிசுக்கு ஒரு மாவுப் பூச்சு இழுப்பார்கள்; ஸ்கிம் கோட் என்று பெயர். அது பாதி இறுகும் நேரம் பார்த்து இந்த ஈரப் பஞ்சை வட்டம் வட்டமாகச் சுற்றினால் கொத்துக் கரண்டித் தடங்கள் அழிந்து, சின்னப் பள்ளங்கள் நிரம்பி, சுவர் ஒரே முகமாக வரும். பிறகு இரும்புக் கரண்டியால் ஓர் இழுப்பு. இதைத்தான் சில வருஷங்களாகச் செய்துகொண்டிருக்கிறேன். இந்த வேலைக்கு நான் வந்து சேர்ந்த கதையை ஊரில் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று பயந்தேன். இப்போது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் நூல் மில்லில் சேர்ந்தேன். புளோ ரூமில் வேலை. பேல் என்கிற பஞ்சுப் பொதியைப் பிரித்து, பஞ்சைப் பிய்த்து, மெஷினுக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது நிற்காது, அதனால் நாமும் நிற்க முடியாது. பதினோரு வருஷம் அப்படி ஓடிய பிறகு எனக்கு நிற்பதே மறந்துபோனது. வீட்டில் சோறு தின்னும்போதுகூட என் கால் ஆடும். "கால ஆட்டாதீய, தரித்திரம்" என்று என் மனைவி ஜெய்னம்பு முழங்காலைப் பிடித்து அமுக்குவாள். கையை எடுத்ததும் மறுபடி ஆடும். ஒருநாள் காலை மில் சங்கு ஊதவில்லை. போய்ப் பார்த்தால் கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுடைய அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மச்சானுக்கு அங்கே மளிகைக் கடை. அவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை, ஒரு பார்வை பார்த்ததில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். பருப்பு மடித்துக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "மாப்ள, மில்லு எப்பத் தொறக்காங்களாம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அரை கிலோ சீனி கேட்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஒரு லாட்ஜில் சிங்கப்பூருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். மாடிப்படி முழுக்கக் கூட்டம். தலைக்கு மேல் மின்விசிறி தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த ஏஜெண்ட் நிமிராமலே கேட்டார்.

"பஞ்சு புடிப்பியா?"

"பதினோரு வருஷமா பஞ்சுலதான் சார் கெடக்கேன்."

"பினிஷிங் வருமா?"

"மொதல்லயிருந்து கடைசி வரைக்கும் தெரியும் சார்."

அப்போதுதான் நிமிர்ந்தார். "இந்த மாதிரி ஆளுதான்யா வேணும்" என்று என் பெயருக்கு நேராக ஏதோ எழுதினார். நான் சிங்கப்பூரில் ஏதோ பெரிய மில் என்று நினைத்துக்கொண்டேன். பஞ்சு என்றால் மில். எங்கள் ஊர்க்காரன் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

சிங்கப்பூரில் ஒரு கட்டடத்தின் பன்னிரண்டாவது மாடியில், இன்னும் ஜன்னல் வைக்காத ஒரு வீட்டில், சீனப் போர்மேன் யோங் என் கையில் அந்தப் பஞ்சுப் பலகையைக் கொடுத்தபோது நான் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். காதர் மைதீன் என்ற என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. "காடா" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை இங்கே நான் காடாதான். எங்கள் பக்கத்தில் வெளுக்காத முரட்டுத் துணிக்கு அந்தப் பெயர். "காடா, கேன்?" என்றார். முடியுமா என்று கேட்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஓடிப்போய்த் தண்ணீர் கேனைத் தூக்கி வந்து வைத்தேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், யோங் சிரிக்கவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் எனக்கு விஷயத்தைத் தமிழில் சொன்னார்: மூன்று வாரம் மற்றவர்களோடு சேர்ந்து செய்யலாம். அதன் பிறகு ஒரு முழுச் சுவர் தனியாக முடித்துக் காட்ட வேண்டும். யோங் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார்; மேடு பள்ளம் நிழலாகத் தெரிந்தால் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார். ஊர் என்று அவர் சொன்னதும் எனக்கு வீடு ஞாபகம் வரவில்லை, பெண்டாட்டி பிள்ளை ஞாபகம் வரவில்லை. அந்த ஸ்டூல்தான் ஞாபகம் வந்தது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், ஒரு பஞ்சைச் சுவரில் தேய்ப்பதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பீர்கள். வித்தை தேய்ப்பதில் இல்லை, தேய்க்காமல் நிற்பதில் இருக்கிறது. மாவு ஈரமாக இருக்கும்போது பஞ்சை வைத்தால் அது பூச்சையே பிய்த்துக்கொண்டு வரும். இறுகிய பிறகு வைத்தால் வெறுமனே வழுக்கும், தடம் அழியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பத்து நிமிஷம் இருக்கிறது. அது வரும்வரை சும்மா நிற்க வேண்டும். என்னால் முடிந்ததா? பூசி முடித்த அடுத்த நிமிஷமே என் கை பஞ்சை எடுத்துவிடும். சுற்றுவேன், சுவர் அம்மைத் தழும்பு போட்ட முகம் மாதிரி ஆகிவிடும். வழித்துவிட்டு மறுபடி பூசுவேன், மறுபடி அவசரப்படுவேன். முதல் வாரத்தில் நான் முடித்த சுவர் ஒன்றுகூட இல்லை. மெஷினுக்குப் போட்டுப் பழகிய கை, என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்றது.

பக்கத்துச் சுவரில் சோம்சாய் என்று ஒரு தாய்லாந்துக்காரன். என் வயதுதான் இருக்கும். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தாய் தெரியாது, ஆங்கிலம் இருவருக்குமே தகராறு. நான் பஞ்சைத் தூக்கும்போதெல்லாம் அவன் தன் சுவரிலிருந்து திரும்பாமலே "யாங்" என்பான். போர்மேன் யோங்கின் பெயரைத்தான் அவன் வாய்க்கு வந்தபடி சொல்கிறான், ஆள் வருகிறார் ஜாக்கிரதை என்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். உடனே பஞ்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பேன். மாடிப்படியை எட்டிப் பார்ப்பேன். யாரும் வர மாட்டார்கள். செத்த நேரம் கழித்து மெல்லப் பஞ்சை எடுப்பேன். "யாங்" என்பான் மறுபடி. மறுபடி ஒளிவேன். இந்த ஆளுக்கு மட்டும் போர்மேன் வருவது எப்படி முன்கூட்டியே தெரிகிறது, வராத ஆளுக்காக ஏன் என்னை இப்படிப் பயமுறுத்துகிறான் என்று உள்ளுக்குள் எரிச்சலாக வரும். கடைசியில் அவன் பேசாமல் இருக்கும் ஒரு நேரம் பார்த்துத்தான் சுவரில் கை வைப்பேன். ஆச்சரியம் என்னவென்றால், அப்போது சுவர் சொன்ன பேச்சைக் கேட்டது. பஞ்சு வழவழவென்று ஓடியது. மூன்றாவது வாரக் கடைசியில் யோங் விளக்கைப் பிடித்துக்கொண்டு என் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். மனதுக்குள் துஆ ஓதிக்கொண்டே நின்றேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு, "காடா கேன்" என்றார். இந்தத் தடவை நான் தண்ணீர் எடுக்க ஓடவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டட வளாகத்துக்குள்ளேயே தகரக் கொட்டகை போட்டு எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். கொங்சி என்று பெயர். சோம்சாய் அடுப்பில் சோறு வைத்திருந்தான். அவன் ஊர்க்காரன் ஒருவன் தட்டோடு வந்து ஏதோ கேட்டான். சோம்சாய் மூடியைத் தூக்கி, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, "யாங்" என்றான். ஞாயிற்றுக்கிழமை போர்மேன் யோங் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். மற்றவன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காத்து உட்கார்ந்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது: இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். மூன்று வாரமாக அந்த மனிதன் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறான். நான் போர்மேனுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அவனிடம் போய் என்னவென்று சொல்ல? பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக் கொடுத்தேன்.

ஜெய்னம்புவுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, "இங்கேயும் பஞ்சு வேலைதான், கவலைப்படாதே" என்று எழுதியிருந்தேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அவள் பதில் எழுதுவாள்: "பஞ்சுத் தூசி நெஞ்சுல எறங்காம மூஞ்சில துண்டக் கட்டிக்கிடுங்க. வெல்லக்கட்டி வாயில போட்டுக்கிடுங்க." மில்காரன் என்றுதான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். கொத்து வேலை என்று எழுத என் கை வரவில்லை. கடிதத்தின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "எப்ப வாரீய?" அதற்கு மட்டும் நான் பதில் எழுதியதே இல்லை. அடுத்த சுவர், அடுத்த மாடி, அடுத்த கட்டடம் என்று போய்க்கொண்டிருந்தது. உங்களிடம் மறைப்பானேன், நிற்கப் பழகியது கை மட்டும்தான். மனசு அதே புளோ ரூமில்தான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வருஷம் லீவில் போனேன். பெட்டியில் துணிமணி, சாக்லேட்டோடு ஒரு பஞ்சுப் பலகையையும் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சான் வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கென்று ஒரு அறை கட்டியிருந்தாள் ஜெய்னம்பு. உள்சுவர் சொரசொரப்பாக இருந்தது. கொத்தனார் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தேன். வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, அதற்குள் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. மீதி இருந்த ஆலங்குளம் சிமெண்ட், மாவுச் சல்லடையில் சலித்த பொடி மணல், ஒரு வாளித் தண்ணீர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பூச ஆரம்பித்தேன். சிங்கப்பூரில் அத்தனை நேரம் நிற்க வேண்டிய பூச்சு, எங்கள் ஊர் வெக்கையில் மளமளவென்று இழுத்துக்கொண்டது. புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெய்னம்பு சல்லடையைத் தேடி வந்தவள் நிலையிலேயே நின்றுவிட்டாள்.

"மில்லுல இதுவுமா செய்யச் சொல்லுதாங்க?"

சொன்னேன். லாட்ஜ், மின்விசிறி, பஞ்சு, கேன், போர்மேன் யோங், விளக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பஞ்சுப் பலகையை வாங்கி அமுக்கிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். மூன்று வருஷமாக வெல்லக்கட்டி போட்டுக்கொள்ளச் சொன்னவள், பலகையை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"மில்லு இல்லன்னுதான போனீய" என்றாள். "இந்த வேலைக்கு மில்லு எதுக்கு? இங்க எம்புட்டு வீடு கட்டுதாங்க. ராஜபாளையம் ரோட்டுல பாத்தீயளா? இங்கனயே இருந்திரலாம்லா?"

அவள் சொன்னதில் தப்புச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. மூன்று வருஷமாக என்னிடம் இருந்த ஒரே காரணத்தை அவள் அரை நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் புறங்கையை வைத்தேன். பதமாகிவிட்டிருந்தது, மாவு கையில் ஒட்டவில்லை. சோம்சாய் நின்றிருந்தால் பேசாமல் இருந்திருப்பான். ஆனால் அவள் கேட்டதற்கு என் வாயில் வந்த வார்த்தை வேறு.

"யாங்" என்றேன்.

ஜெய்னம்பு சட்டென்று முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"யாரு வாராங்க?" என்றாள்.