இரும்புக்குத் தண்ணீர் இல்லை

அடுப்பில் மறந்துவிட்ட பாத்திரம் தண்ணீர் வற்றிக் காந்தும்போது ஒரு நாற்றம் எழும். இரும்பு தீய்கிற நாற்றம். அது மூக்கில் பட்டால் போதும், இன்றைக்கும் எழுந்து அடுப்பங்கரைக்கு ஓடுகிறேன். செங்கோட்டு வேலவனின் அடியார்களே, அந்த நாற்றத்துக்குள் நின்று அவனை வாயாரத் திட்டியவன் நான். அவன் எனக்கு என்ன செய்தான் என்பதை உங்கள் முன் வைக்கிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின சித்திரை. திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் பக்கம் வருகிற மண்பாதை. வெயில் பூமியைக் கடலைபோல வறுத்துக்கொண்டிருந்தது. என் வாடகைக் காரில் நானும் மனைவி பாவாயியும் மட்டும். திடீரென்று முன்பக்கத்திலிருந்து வெள்ளை ஆவி சீறியது. இறங்கிப் பார்த்தேன். ரேடியேட்டரின் அடியிலுள்ள ரப்பர்க் குழாய் கிழிந்து, தண்ணீரெல்லாம் வந்த வழியிலேயே ஒழுகிப் போயிருந்தது. என்ஜின் காய்ந்து கனன்றது.

அய்யன் விட்டுப்போன நிலத்தில் என் பங்கை, கிணற்றில் முறைநாளில் தண்ணீர் இறைத்துக்கொள்ளும் என் உரிமையோடு சேர்த்து வெளியூர்க்காரனுக்கு விற்று வாங்கிய கார் அது. என்ஜின் போனால் வேறு என்ஜின் கப்பலேறி வரவேண்டும். மறுபடி விற்க என்னிடம் ஒரு பிடி மண் இல்லை. அப்புறம் கூலிக்குத்தான் போகவேண்டும். அதுவும் என் நிலமாயிருந்த நிலத்துக்கே.

கண்ணுக்கெட்டின தூரத்தில் ஒரே கிணறு. நான் பங்கை விற்ற அதே கிணறு. அன்றைக்கு இறைக்கிற முறை என் அண்ணனுடையது. நிலத்தை விற்ற நாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. முறைக்கு முறை ஓர் அந்நியனோடு மல்லுக்கட்ட வைத்துவிட்டேன் என்ற கோபம். அது ஆறுகிற கோபம் இல்லை.

எருதுகள் ஏறியும் இறங்கியும் இழுக்க, தோற்பறி தண்ணீரை மொண்டு வந்து வாய்க்காலில் கொட்டியது. பசித்தவன் காதில் விழும் பந்திச் சத்தம்போல எனக்கு அது கேட்டது.

"அண்ணா, ஒரு கொடம் தண்ணி வேணுமுங்க. வண்டி காஞ்சுபோச்சுங்க."

அண்ணன் என்னிடம் பேசவில்லை. எருதிடம் பேசினார். "கேட்டியா சாமி? முறைய வித்துப்போட்டவன் தண்ணி கேக்கறான்."

"எங்கய்யன் வெட்டுன கெணறுதானுங்க."

"அய்யன் வெட்டுனாரு. நீ வித்தே. இப்ப என்ன, சொந்தம் கொண்டாட வந்திட்டியா?"

"ஒரே கொடமுங்க."

"மொளகாப் பாத்தி நெறையற வரைக்கும் ஒரு சொட்டு அக்கட்ட போவாது. பொழுது சாயட்டும்."

எங்கள் பக்கத்தில் முறைத்தண்ணீர் அப்படித்தான். அடுத்தவன் முறையில் கைவைத்தால் மண்வெட்டி மண்ணை மட்டும் வெட்டாது. ஆனால் தாகம் என்று வந்தவனுக்கு இல்லை என்று சொல்லவும் முடியாது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"தாகமா இருக்குதுங்க."

அண்ணன் என்னை முதல்முறையாகப் பார்த்தார். சொம்பை நிறைத்து நீட்டினார். "தாகத்துக்கு ஊத்தறேன். இரும்புக்கு ஊத்த மாட்டேன். குடி. என்ற கண்ணு முன்னால குடி."

குடித்தேன். மறுபடி நிறைத்தார். மறுபடி குடித்தேன். தொண்டைவரை தண்ணீர். கொஞ்ச தூரத்தில் என் என்ஜின் தாகத்தில் வெந்துகொண்டிருந்தது.

"போதுமுங்க மாமா," என்றாள் என் பின்னாலேயே வந்திருந்த பாவாயி, அண்ணனிடம். "இன்னியும் குடிச்சா இவருக்கும் மூக்கு வழியா ஆவி வரும்."

"வரட்டும். அந்த வண்டியாட்டம் நடுவழியில நிக்கட்டும்."

அடுத்த சொம்பு கைக்கு வந்ததும் நான் காரை நோக்கி ஓடினேன். வரப்பு தாண்டுமுன் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இருவரும் இழுத்தோம். சொம்பு சாய்ந்தது. தண்ணீரை மண் ஒரே மடக்கில் விழுங்கியது.

"திருட்டுத்தண்ணில ஓடற வண்டியா அது? தூ."

காரின் நிழலில் வந்து விழுந்தேன். மேற்கே கானலுக்குள் திருச்செங்கோட்டு மலை ஆடிக்கொண்டிருந்தது. வேண்டிக்கொண்டேன் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் சண்டை போட்டேன். வேலா, மேலே நின்று வேடிக்கை பார்க்கிறாயா? பால்குடம் சுமந்தேனே, பாதம் கொப்புளிக்க ஏறினேனே, ஒரு குடம் தண்ணீர், ஒரே ஒரு குடம். அண்ணன் மனத்தை இளக்கு, இல்லையென்றால் மழையைக் கொட்டு. இப்போதே கொடு. பாறைமேல் பாறையாய் நிற்கிறவனே, உனக்குக் காது இருக்கிறதா? தொண்டை கட்டும்வரை கேட்டேன். மழையும் வரவில்லை, அண்ணன் மனமும் இளகவில்லை. நம்பிக்கை என்னைவிட்டு ஒழுகிப் போயிற்று. பாவாயி மட்டும் சத்தமில்லாமல் உதடசைய ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்ந்தது. கடைசிப் பாத்தி நிறைந்தது. எருதுகளை அவிழ்த்தபின் அண்ணன் ஒரு குடத்தைக் கொண்டுவந்து நங்கென்று என் காலடியில் வைத்தார். பழைய பறியிலிருந்து அறுத்த தோல் துண்டு ஒன்றை மேலே வீசினார்.

"கிழிஞ்ச எடத்துல சுத்தி இறுக்கிக் கட்டு. நனைஞ்சா ஊறி அடைச்சுக்கும். என்ற நெலத்தோரம் இந்தப் பொணம் ராத்திரி கெடக்கக் கூடாது."

கட்டினேன். ஊற்றினேன். காரின் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினேன். என்ஜின் இருமியது, உறுமியது, உயிர் பெற்றது.

மறுநாள் சேலத்தில் பட்டறை மேஸ்திரி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வறண்டு காஞ்ச என்ஜினுக்கு ஒடனே பச்சத்தண்ணி ஊத்தலீங்களா?"

"இல்லீங்க."

"ஊத்தியிருந்தா பாளம் பாளமா வெடிச்சிருக்குமுங்க. அப்புறம் எடைக்குத்தான் போடோணும். நல்லா ஆறவெச்சிருக்கறீங்க. ஆனா உங்க மூஞ்சியப் பாத்தாப் பொறுமைக்காரராட்டம் தெரியலீங்களே?"

பொங்குகிற சோற்றுப்பானையில் பச்சைத்தண்ணீர் தெளித்து அடக்குவது எங்கள் வீட்டு வழக்கம். சூட்டுக்குத் தண்ணீர்தான் மருந்து என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டவுடன் அண்ணன் குடத்தைக் கொடுத்திருந்தால், என் கையாலேயே என் பிழைப்பைப் பிளந்திருப்பேன். நான் கதறிக் கேட்டதை வேலவன் எனக்குத் தரவில்லை. தராமல் காப்பாற்றினான். அதற்கு அவனுக்குக் கிடைத்த கை, என்னை வெறுத்த கை.

அடியார்களே, அதற்குப் பிறகு நான் மலையேறும்போது கட்டளை போடுவதில்லை. என் தாகத்தைச் சொல்கிறேன், எந்தக் கிணற்றில் மொள்வது என்பதை அவனிடம் விட்டுவிடுகிறேன். ஒருவன் இல்லை என்று கதவைச் சாத்தினால் முன்போல் நெஞ்சு கொதிப்பதில்லை. நடுவழியில் நின்றுவிட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். அவனோடு சண்டை போடுங்கள், தப்பில்லை. ஆனால் எழுந்து போய்விடாதீர்கள். பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

அண்ணனோடு இன்னும் உறவு சீராகவில்லை. அன்று நான் காரை நகர்த்தியபோது அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி எருதுகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். பாவாயிதான் தலையை வெளியே நீட்டி, "வாரோமுங்க மாமா," என்றாள்.

அவர் திரும்பாமலே சொன்னார்: "வண்டி கெட்டுதுன்னு இந்தப் பக்கம் வராதீங்க. நல்லா ஓடறப்ப வாங்க."