முழங்காலிடலாம்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் என்ன பிசியோதெரபி தரவேண்டும் என்று வழிகாட்டு நெறி எழுதும் குழு அது. அதில் காப்பெல் என்ற ஊரிலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட் ஆன்ட்டி, நரைத்த கிராப்பும் ஓட்டக்காரர் ஷூவுமாக, நின்றபடி குதிகாலை உயர்த்தி இறக்கிக்கொண்டேதான் எதையும் கேட்பார்.

"கோல்ஃப் ஆடலாம்னு எழுதியிருக்கீங்க. சர்ச்ல முட்டி போடறது எங்க?"

"ரிஸ்க் ஆன்ட்டி. சர்ஜன்ஸ் நாங்க யாருமே அலவ் பண்றதில்ல," என்றேன்.

"உங்க பயத்தை எவிடென்ஸ்னு எழுத முடியாது, டாக்டர்."

தேடினோம். கூடாது என்பதற்கு ஆதாரமே இல்லை. காயம் ஆறியபின் முழங்காலிடப் பழக்கலாம் என்ற வரி சேர்ந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன, என் கையும்தான்.

அவர் மேசையைக்கூடத் தொடாமல் கம்பளத்தில் முழங்காலிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார். தனக்கு இரண்டு முட்டியும் மாற்றியவை என்று அப்போதுதான் சொன்னார். எங்கள் பேச்சைக் கேட்காமல் எத்தனை ஞாயிறு இப்படி எழுந்திருப்பாரோ!