புதுமனை புகுவிழா கண்ட பழைய அடுப்படி

தனகோட்டி கத்தரிக்காய் வாங்கினால் கூடையைக் கிளறமாட்டாள், காயை அமுக்கிப் பார்க்கமாட்டாள். கடைக்காரர் முகத்தை நேராகப் பார்த்து, "இதுல உங்க வூட்டுக்கு எத எடுத்துனு போவீங்க?" என்று கேட்பாள். எப்பேர்ப்பட்ட வியாபாரியும் அந்தக் கேள்விக்கு ஒரு கணம் முழிப்பான். அந்த முழி போதும் அவளுக்கு. செஞ்சி மார்க்கெட்டில் பாதிப் பேர் அவள் தலை தெரிந்ததுமே நல்ல காயை முன்னால் தள்ளிவிடுவார்கள். எதற்கு வம்பு?

அவள் வக்கீல் பிடித்த கதையும் இதே மாதிரிதான்.

அவள் வீடு கோட்டை மதிலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. கொல்லையில் நின்றால் ராஜகிரி மலை தலைக்கு மேல் நிற்கும். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓடு போட்ட அடுப்படி. அதில்தான் கிரைண்டர். தெருவே அவள் அரைக்கிற தோசை மாவைத்தான் தின்கிறது. ஒருநாள் கரண்ட் போய்விட்டால், "இன்னாக்கா, இன்னிக்கு மாவு இல்லியா?" என்று தூக்குச் சட்டியோடு வாசலில் நின்று அவளையே குற்றவாளி மாதிரி பார்ப்பார்கள். வீட்டுக்காரர் துரைக்கண்ணு நெல் கமிட்டியில் மூட்டை எடை போடுகிறவர். நல்ல மனுஷன். வாய் மட்டும் கிடையாது. அந்த வீட்டு வாயெல்லாம் சேர்த்து இவளிடமே இருந்தது.

பெரிய புயல் அடித்தபோது அடுப்படி ஓடெல்லாம் பறந்து ஒரு பக்கச் சுவர் உட்கார்ந்துவிட்டது. நான்கு மாதம் நடைபாதையில் அடுப்பை வைத்துக் காலம் தள்ளினாள். பிறகு பழைய அடித்தளத்தின் மேலேயே சுவரை எழுப்பி ஷீட் போட்டார்கள். வல்லத்திலிருந்து வந்த அவள் தம்பி அன்புச்செல்வன், "முன்னால ஒரு சன்ஷேடு இழுத்துடுக்கா, மழ உள்ள அடிக்காது" என்றான். இழுத்தார்கள். கோட்டைப் பக்கத்தில் எதைக் கட்டினாலும், ஏன், பழுது பார்த்தாலும்கூட அனுமதி கேட்கவேண்டும் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். கேட்டவர்கள்தான் யாரும் இல்லை.

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தம்பிக்குக் கை அரித்தது.

அன்புச்செல்வனுக்கு எதற்கெடுத்தாலும் ஃப்ளெக்ஸ் அடிக்கவேண்டும். காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், பைக் வாங்கினால் ஃப்ளெக்ஸ், அக்காள் மகள் பாஸ் பண்ணினால் ஃப்ளெக்ஸ். அக்காள் அடுப்படியில் பால் காய்ச்சப்போகிறாள் என்றதும் தெருமுனையில் ஆள் உயரத்துக்கு ஒன்று கட்டிவிட்டான். 'புதுமனை புகுவிழா' என்று கொட்டை எழுத்து. அக்காளும் மாமாவும் ஓரமாகச் சின்னதாகச் சிரித்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அன்புச்செல்வன் நடுவில் பெரியதாகச் சிரித்தான்.

"டேய், நாலு சுவத்துக்கு புதுமனையாடா?" என்றாள் தனகோட்டி.

"அடுப்படிக்குன்னு கடையில மாடல் இல்லக்கா. இதான் ரெடியா இருந்துச்சு."

பத்து நாளில் தொல்லியல் துறைக்காரர்கள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கோட்டையின் எல்லைக்குள் அனுமதியின்றிப் புதிய சமையலறைக் கட்டடம் எழுப்பியுள்ளீர், அதை ஏன் அகற்றக்கூடாது என்று பதில் சொல்லும்படி எழுதியிருந்தது. ஒட்டியவரிடம் தனகோட்டி மோர் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "புதுசுன்னு யார் சார் சொன்னது?"

அவர் மோரைக் குடித்துவிட்டுத் தெருமுனையைக் கை காட்டினார்.

துரைக்கண்ணு அன்று சாப்பிடவில்லை. அன்புச்செல்வன் ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தான். "எரிச்சிடலாம்க்கா. அப்படி ஒண்ணு வெக்கவே இல்லன்னு சாதிச்சிடலாம்."

"உன் மூஞ்சிய ஊரே பாத்துச்சுடா, இன்னாத்த சாதிப்ப? அங்க வெச்சிட்டுப் போ."

மறுநாள் புருஷனை இழுத்துக்கொண்டு வக்கீல் ராமகிருஷ்ணனிடம் போனாள். செஞ்சியில் பத்திரம், பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு என்றால் அவர்தான். தங்கமான மனுஷன். நோட்டீஸின் முதல் வரியைப் படித்ததுமே மடித்துவிட்டார்.

"இதுக்கா டென்ஷன்? கோர்ட்ல ஒரு கேஸப் போட்டு ஸ்டே வாங்கிடலாம்மா. நீ போய் மாவ அரை."

துரைக்கண்ணு எழுந்தே விட்டார். அவருக்கு அவ்வளவு நிம்மதி. தனகோட்டி உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இதே நோட்டீஸு உங்க வூட்டுக்கு வந்திருந்தா நீங்க யாருகிட்ட போவீங்க?"

வக்கீல் முழித்தார். துரைக்கண்ணு கூச்சத்தில் கூரையைப் பார்த்தார். ராமகிருஷ்ணன் நோட்டீஸை மறுபடி பிரித்து, இந்தத் தடவை கடைசி வரைக்கும் படித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"விழுப்புரத்துல ரீட்டா மேடம்னு இருக்காங்க. ரொம்ப வருஷம் கவர்மெண்ட் பக்கம் ஆஜரானவங்க, இப்ப ஜனங்க பக்கம். இந்த மாதிரி நோட்டீஸு, லைசென்ஸு, ஆபீஸ் விசாரணைதான் அவங்க வேலையே. நான் அவங்ககிட்டதான் போவேன். எதுக்கும்மா என்னை இப்படிக் கேட்ட?"

"கேட்டாதான சார் தெரியுது" என்று அவருக்காகக் கொண்டுவந்த மாவுத் தூக்கை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். வேலை கொடுக்கவில்லை என்றாலும் மாவு கொடுத்தாள். அவள் அப்படித்தான்.

ரீட்டா வக்கீல் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. ரீட்டா பக்கத்துக் கிராமத்துக்காரி, அறுபதைத் தொட்டவள், பேச்சில் சர்க்கரை கிடையாது. நோட்டீஸை வாங்கி, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, வரிக்கு வரி நின்று படித்தாள். தனகோட்டிக்கு அதுவே பாதி பிடித்துப்போயிற்று.

"ஜெயிச்சுக் குடுத்துடுவீங்களாம்மா?"

"அதெல்லாம் சொல்லமாட்டேன். முடிவு அதிகாரி கையில. ஒழுங்கான பதில் டைமுக்குப் போறது மட்டும்தான் என் கையில."

"இது உங்க அடுப்படியா இருந்தா இப்ப இன்னா பண்ணுவீங்க?"

ரீட்டா முழிக்கவே இல்லை. "சன்ஷேட இன்னிக்கே இடிப்பேன்."

துரைக்கண்ணு திடுக்கிட்டார். "இடிக்கிறதா? அத காப்பாத்தத்தானேம்மா வந்தோம்!"

"அனுமதி கேக்காம கட்டினீங்க, தப்பு. அதுல சன்ஷேடுன்னு பழசுல இல்லாதத வேற சேத்தீங்க, அது பெரிய தப்பு. ஒத்துக்குவோம். பழச பழுது பாத்தோம்ங்கிறதுக்கு அனுமதி கேட்டு மன்றாடலாம். புதுசா கட்டினோம்னு ஆயிட்டா எனக்கு அங்க பேச்சே கெடையாது. சரி, பழைய அடுப்படிக்கு இவங்க புதுசுன்னு ஏன் எழுதினாங்க?"

துரைக்கண்ணு மனைவியைப் பார்த்தார். மறைத்துவிடேன் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. தனகோட்டி ஃப்ளெக்ஸ் கதையை, கறுப்புக் கண்ணாடி உட்பட, முழுசாகக் கொட்டினாள். ரீட்டா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

"அத எரிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா."

"நல்ல வேல. அதையும் எடுத்துனு வாங்க. நாம மறைச்சு அவங்க காட்டினா அசிங்கம். உங்க வீட்டு வரி ரசீது வீடு பழசுன்னு சொல்லும். அடுப்படி பழசுன்னு சொல்லாது. அதுக்கு ஏதாச்சும் போட்டோ தேடுங்க."

"ஃபீஸ இப்பவே சொல்லிடுங்கம்மா, அப்புறமா மூஞ்சி சுளிக்கறது எனக்குப் புடிக்காது."

ரீட்டா சொன்னாள். தனகோட்டி பேரம் பேசவில்லை. அவள் பேரம் பேசாமல் வந்தது துரைக்கண்ணுவுக்கு நோட்டீஸைவிடப் பெரிய அதிர்ச்சி.

அன்று சாயந்திரமே துரைக்கண்ணு சன்ஷேடை உடைத்தார். தனகோட்டி உள்ளே டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். ஆல்பமெல்லாம் புயலில் நனைந்து ஒட்டிப்போய்க் கிடந்தன. பிரித்தால் கல்யாணப் பெண்ணின் மூக்கு மாப்பிள்ளைமேல் வந்தது. கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தடவையாக அழுதாள். தெருவுக்கு மாவு போடுகிறவள் அடுப்படியை இழந்தால் வேறு என்னவாக இருப்பது? அழுது முடித்து, ராத்திரிச் சோற்றுக்கு விறகு எடுக்கக் கொல்லைக்குப் போனாள்.

விறகை மூடியிருந்தது ஒரு பழைய ஃப்ளெக்ஸ். செஞ்சியில் விழா முடிந்தால் ஃப்ளெக்ஸ் கூரைக்கும் விறகுக்கும்தான் போகும். அதை இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் மகள் ஜெயசுதாவின் மஞ்சள் நீராட்டு விழா. ஜெயசுதாவுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். படத்தில் மகள் பட்டுப்பாவாடையோடு நின்றது இதே அடுப்படி வாசலில். பின்னால் ஓடு, கதவுக்கு மேல் கரிப்புகை, அதற்கும் மேலே ராஜகிரி. கீழே தேதி. ஓரத்தில், மீசை முளைக்காத அன்புச்செல்வன்.

"யோவ்! இங்க வாய்யா!" என்று அவள் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரி பாம்பு என்று நினைத்துத் தடியோடு வந்தாள்.

விசாரணை நாளன்று ரீட்டா தொல்லியல் துறை ஆபீஸில் இரண்டு ஃப்ளெக்ஸையும் தரையில் விரிக்கச் சொன்னாள். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்ததில் பழையது பளபளவென்று இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும் என்று வருகிற வழியெல்லாம் தனகோட்டியிடம் சொல்லி வைத்திருந்தாள். அதிகாரி குனிந்து பார்த்தார்.

"பழைய அடுப்படிக்கா புதுமனை புகுவிழான்னு போட்டீங்க?"

"எங்க தம்பி சார். வூட்டுப் பூனை குட்டி போட்டாலும் அடிப்பான்" என்றாள் தனகோட்டி.

ரீட்டா மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். அதிகாரி வாயை மூடிக்கொண்டு இருமினார். பிறகு ரீட்டா பேசினாள். தப்பை முதலில் சொன்னாள், சன்ஷேடு போய்விட்டதைச் சொன்னாள், பழைய படத்தைக் காட்டினாள், நேரில் வந்து அடித்தளத்தைப் பாருங்கள் என்று கேட்டாள். குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. கத்தினால்தான் வக்கீல் என்று நினைத்திருந்த துரைக்கண்ணு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி வந்தார். பூச்சுக்குக் கீழே இருந்த பழைய கருங்கல்லையும் சுண்ணாம்பையும் சுரண்டிப் பார்த்தார். சில வாரம் கழித்து உத்தரவு வந்தது. இடிக்கவேண்டாம். பழுது பார்த்ததற்கு முறைப்படி அனுமதிக்கு மனுப் போடவேண்டும். அது வரும்வரை ஒரு செங்கல்கூடச் சேர்க்கக்கூடாது.

தனகோட்டி ரீட்டாவுக்கு போன் போட்டாள். "இனிமே அடுப்படியில ஆணி அடிக்கறதுன்னாகூட உங்கள கேட்டுட்டுத்தான்மா."

"ஆணிக்கெல்லாம் போன் பண்ணாதம்மா" என்றாள் ரீட்டா. "அந்தப் பழைய ஃப்ளெக்ஸ பத்திரமா வை. அனுமதி கைக்கு வர்ற வரைக்கும் அது வேணும்."

மஞ்சள் நீராட்டு விழா மடிந்து பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் போனது. விறகு திறந்து கிடந்தது, மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தனகோட்டி புதுமனை புகுவிழாவை எடுத்துவந்து, எழுத்து அடியில் போகும்படிக் கவிழ்த்துப் போட்டு, நாலு மூலையிலும் சன்ஷேடு இடித்த கல்லையே வைத்தாள்.

நல்ல சேதி கேட்டு ஓடிவந்த அன்புச்செல்வன் அதைப் பார்த்து முகத்தைத் தொங்கப்போட்டான்.

"இன்னாக்கா, என் மூஞ்சிய கீழ போட்டுட்ட?"

"மேல இருந்தா திரும்பவும் எவனாச்சும் படிச்சிட்டு வருவான்டா. கைய கழுவினு வா, தோசை ஊத்துறேன்."