ஆறு மணிச் சண்டை

நேற்று அரியலூரில், சிமென்ட் ஆலையின் கன்ட்ரோல் ரூமில் நின்று, இயந்திரம் செய்து கொடுத்த ஜெர்மன்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஒரே சென்சார், மூன்றாவது முறை பழுது. மனிதர் சலித்துப்போய், "என் மூக்கு நிறைந்துவிட்டது" என்றார், அவர் மொழியில். இனிப் பொறுக்க முடியாது என்று அர்த்தம். சிரிக்க வேண்டிய இடம்தான். நான் போனை அப்படியே மேசையில் வைத்தேன்.

பெரம்பலூரில் ஒரு மாடி அறையில் மேகலாவும் நானும் ஜெர்மன் படித்தோம். அவள் உடையார்பாளையத்துக்காரி, நர்ஸ். நான் டிப்ளமோ, பட்டியல் போடாவிட்டால் சோறு இறங்காத ஜாதி. நோட்டில் இரண்டு பத்தி: சொல்வது, அதன் பொருள். கண்ணில் தக்காளி வைத்திருப்பவர், எதிரில் இருப்பதைப் பார்க்காதவர். இப்படி நூற்றுக்கு மேல்.

மனப்பாடம் ஆகவில்லை. சண்டை போட்டால் ஏறும் என்று கண்டுபிடித்தவள் மேகலா. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெர்மனில் சண்டை. தட்டை வீசுவாள், கதவை உதைப்பாள். திருத்தினால், "நோட்டுக்குப் பொறந்தவளே, வாய மூடுடி" என்பாள். போனில் பாடத்து ஆண்குரல் வேறு அலறும். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் ஜெயந்தி அக்கா முதல் வாரம் பதறி ஓடிவந்தார். பிறகு பழகிவிட்டார்.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. பால் பாக்கெட்டோடு திரும்பினேன். மேலே சத்தம். குழாயடியிலிருந்து அக்கா, "என்னடி, இன்னிக்கு நீ இல்லாமயே ஆரம்பிச்சிட்டா?" என்றார்.

சிரித்தேன். படியில் நின்று கேட்கவும் செய்தேன். மூக்கு நிறைந்துவிட்டது என்று ஜெர்மனில் கத்தினாள். உச்சரிப்பு சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஓர் ஆண்குரல்: "பாஸ்போர்ட்ட எங்கடி வச்சிருக்க?" எங்கள் பாடத்தில் பாஸ்போர்ட் உண்டு. தமிழ் கிடையாது.

கதவைத் தள்ளினேன். அவள் அண்ணன், முடியைப் பிடித்து அவள் முகத்தை இரும்பு பீரோவில் மோதிக்கொண்டிருந்தான். சுடிதாரெல்லாம் ரத்தம். ஊரில் மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார்களாம். பாஸ்போர்ட் இருந்தது என் பெட்டியில். அவள் சொல்லவில்லை.

நான் செய்தவை, வரிசையாக: பூரிக்கட்டையை எடுத்தேன். முழங்கையில் அடித்தேன். பிடி விடவில்லை. மறுபடி அடித்தேன், எலும்பு முறியும் சத்தம் கேட்டது. மூன்றாவது அடி தேவையில்லை. அதையும் அடித்தேன்.

"நெசமாவாடி அடிச்சிக்கிறீங்க!" என்று துடைப்பத்தோடு ஓடிவந்த அக்கா மீதியைப் பார்த்துக்கொண்டார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். போலீஸ் வேண்டாம் என்றாள் மேகலா.

மூக்கில் பிளாஸ்டரோடு தேர்வுக்கு வந்தாள். பேச்சுத் தேர்வில் நாங்கள் ஜோடி. சேர்ந்து ஒரு விருந்து திட்டமிட வேண்டும், மறுத்துப் பேசினால்தான் மதிப்பெண். அவள் மறுக்கட்டும் என்று, விருந்தை விடியற்காலை நாலு மணிக்கு வைக்கலாம் என்றேன். "நல்ல யோசனை" என்றாள். சாப்பாடே வேண்டாம் என்றேன். "அதுவும் நல்லதுதான்" என்றாள்.

எப்படியோ தேறினாள், ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த மாடி இப்போது ஒரு மொபைல் கடையின் குடோன். போன வாரம் கூப்பிட்டிருந்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண் என்று அங்கே ஆஸ்பத்திரி வார்டில் அவளுக்கு நல்ல பெயராம். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.