ஒருவரும் கமராவைப் பார்க்காத படங்கள்

இன்று மொன்றியலை அடுத்த லொங்கேய் நகர நூலகத்தில் என் புகைப்படக் கண்காட்சியின் முதல் நாள். எனக்கு ஓட்டிசம். முகங்களை நேரே பார்ப்பது சிரமம். அதனால் என் படங்களில் பிடரி, தோள், கைகள் மட்டும்தான்.

முதலில் வந்தவர், மொன்றியலில் பாதித் தமிழ்க் கலியாணங்களுக்குப் படம் எடுக்கும் அண்ணை. சுவர்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பிள்ளை, ஒருத்தரும் கமராவைப் பாக்கேல்லையே. பழுதாப்போன படங்களையோ மாட்டி வைச்சிருக்கிறீர்?"

"இல்லை அண்ணை. நான் ஆக்களைப் பாக்கிறதே இப்பிடித்தான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். குனிந்த தலை ஒன்றின் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ர சின்னவளும் உம்மை மாதிரித்தான். ஒவ்வொரு விசேசத்திலயும் நாடியைப் பிடிச்சு முகத்தை நிமித்தித்தான் எடுக்கிறனான். பிறகு அழுவாள்."

என் பக்கம் திரும்பி, "வாற மாசம் மூத்தவளின்ர கலியாணம். சின்னவளை நீர் எடுப்பீரோ?" என்றார்.

"ஓம் அண்ணை. ஆனா அவளின்ர நாடியில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."

தலையாட்டிவிட்டுப் போனவர், வாசலில் நின்று திரும்பினார்.

"கலியாண அல்பத்தின்ர அட்டைக்கு மட்டும் ஒண்டு, நிமிந்து..."

"அண்ணை!"

உங்கள் வீட்டு அல்பங்களை எடுத்துப் பாருங்கள். அதில் எத்தனை நாடிகள் தாமாக நிமிர்ந்தவை?