செல்வராணிக்காக நின்ற பந்து

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவன், எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறவன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை செல்வராணிக்குத் திக்குவாய். டீச்சர் படிப்பு முடித்துவிட்டு, போன இரண்டு இன்டர்வியூவிலும் பெயரைச் சொல்வதற்குள் அழுதுவிட்டு வந்தவள். அவளுக்காக ஒரு புரோகிராம் எழுதினேன். திரையில் ஒரு பந்து நிதானமாக உருளும், அந்த வேகத்துக்கு அவள் வாசிக்க வேண்டும். பழைய மெஷினில் ஒழுங்காக ஓடியது, புது மெஷின் வந்ததும் பந்து பறந்தது, நடுநடுவே குதித்தது.

"பந்து திக்குனா எனக்கும் திக்குதுண்ணே" என்றாள்.

அதனால், ஒரு விநாடியில் மெஷின் எத்தனை தடவை பந்தை வரைகிறது என்று அதன் கடிகாரத்தை வைத்து எண்ணி, அதற்கேற்ப பந்தை நகர்த்தும்படி மாற்றினேன். பிறகு எந்த மெஷினிலும் ஒரே சீர்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேனே, அதற்கு மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூ. சென்டரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். வாசித்துக்கொண்டே வந்தவள் 'பெற்றோர்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டாள். பந்து நின்றது. மெஷின் கெட்டுவிட்டது என்று எழப்போனேன், ஆனால் திரையின் மூலையில், பந்தை எத்தனை தடவை வரைந்தது என்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருந்தது. சொல் வாய்க்கு வந்ததும் பந்து உருண்டது. நம்பினால் நம்புங்கள், ஒவ்வொரு திக்கலுக்கும் அது நின்றது, அவள் சொன்ன பிறகே நகர்ந்தது. அந்த மெஷினில் மைக் கூடக் கிடையாது.

"நீயாண்ணே நிப்பாட்டுத?"

"நான் கீபோர்டத் தொடவே இல்லையே."

"அப்ப யாரோ எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காவ. நான் வாசிக்கேன்" என்றாள். பயந்தது நான்தான், அவள் இல்லை.

மறுநாள் சாயங்காலம் வந்து, "திக்கத்தான் செஞ்சுச்சுண்ணே. ஆனா அழல. நின்னு, பொறவு சொன்னேன்" என்றாள். வேலை கிடைத்தது. அது எதுவாக இருந்தாலும் சரி, அதற்கு நன்றி சொல்லாமல் நான் இன்றுவரை தூங்கப் போனதில்லை.

ஒன்று மட்டும் இன்னும் மனசிலேயே நிற்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை சென்டரைப் பூட்டக் கிளம்பும்போது பக்கத்து டீக்கடை ரேடியோவில் மணி சொன்னார்கள், கம்ப்யூட்டரின் கடிகாரம் எட்டு நிமிஷம் பின்தங்கியிருந்தது. சரி, ஏதோ கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் என் கையில் கட்டியிருந்த வாட்சும் அதே எட்டு நிமிஷம் பின்தங்கியிருந்தது; பந்து நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த செல்வராணியின் வாட்ச் மட்டும் சரியாக ஓடியிருந்தது.